அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது?

1. சுரீர் என்றது

சென்னையில் கொளத்தூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. வண்ண மீன் என்றால் கொளத்தூர் என்பார்கள். அங்கே மீன் கடைகள் நிறைய. மீன் வளர்க்கும் வீடுகளும் நிறைய. செல்வியின் வீடும் அப்படி ஒரு வீடுதான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் ஆறு சிமெண்ட் தொட்டிகள். எட்டுக் கண்ணாடித் தொட்டிகள். கப்பி, மோலி, தங்கமீன் எல்லாம் அங்கே வளர்கின்றன. செல்வி தீனி போடுவாள். தண்ணீர் மாற்றுவாள். அவள் கணவன் முருகன் மீன்களைப் பையில் அடைத்துக் கடைகளுக்குக் கொண்டு போவான்.

மீன் மட்டும் விற்றால் கையில் அதிகம் நிற்பதில்லை. அதனால் இருவரும் ஒரு புது வேலை தொடங்கினார்கள். சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்று. மூடியில் ஒரு எல்.இ.டி. விளக்கு. ஒரு ஏர் பம்ப். நான்கு மீன்கள். எல்லாம் சேர்த்து ஒரு செட். விளக்குக்கு வேண்டிய அடாப்டரை முருகன் மொத்தமாகப் பத்து வாங்கி வந்தான். ஒன்று அறுபது ரூபாய். மூன்று செட் உடனே விற்றுப் போயின.

ஒரு நாள் சாயங்காலம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொட்டகைத் தரை ஈரமாக இருந்தது. செல்வி காலில் செருப்பு இல்லை. ஒரு கண்ணாடித் தொட்டியில் இலை ஒன்று மிதந்தது. அதை எடுக்கத் தண்ணீரில் கையை விட்டாள்.

சுரீர் என்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தோள் வரை மரத்துப் போனது.

"என்ன ஆச்சும்மா?" என்று மகள் கவிதா ஓடி வந்தாள். அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

"ஒண்ணுமில்லை. மீன் கொத்தியிருக்கும்."

சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் பார்த்தாள். எல்லாம் கப்பி மீன்கள். சுண்டு விரலில் பாதி கூட இல்லை. அவையா கொத்தும்? மீன்கள் எப்போதும்போல நீந்திக்கொண்டிருந்தன.

"இருங்கம்மா, நான் எடுக்கிறேன்" என்று கவிதா கையை நீட்டினாள்.

செல்வி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதே! போய் வயரிங் மாமாவைக் கூட்டிட்டு வா" என்றாள்.

2. மீனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

தங்கராசு அண்ணன் நாற்பது வருடமாக வயரிங் வேலை செய்கிறவர். வந்தவுடன் தொட்டியிடம் போகவில்லை. நேராக மெயின் சுவிட்சுக்குப் போனார். அதை அணைத்தார். பிறகுதான் கேட்டார்.

"எங்கே நின்னே தங்கச்சி? கால்ல செருப்பு இருந்ததா?"

"இல்லை அண்ணே. இந்த ஈரத்திலதான் நின்னேன்."

முருகனுக்கு நம்பிக்கை வரவில்லை. "தண்ணியில கரண்ட் இருந்தா மீன் செத்திருக்கணுமே அண்ணே?"

"கரண்ட் கம்பியில காக்கா உட்காருது. சாகுதா?"

"இல்லை."

"ஏன் சாகலை? காக்கா ஒரு கம்பியை மட்டும்தான் தொடுது. தரையைத் தொடலை. மின்சாரம் எப்பவும் தரைக்குப் போக வழி தேடும். காக்கா வழியா தரைக்குப் போக வழி இல்லை. இந்த மீனும் அப்படித்தான். சுத்தியும் கண்ணாடி. கண்ணாடி வழியா மின்சாரம் போகாது. செல்வி கையை விட்டா. கால் ஈரத் தரையில இருந்தது. கை, நெஞ்சு, கால், தரை. மின்சாரத்துக்கு வழி கிடைச்சிடுச்சு."

செல்வி தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள்.

"தண்ணியில என்ன போட்டிருக்கே?" என்று அவர் கேட்டார்.

"கல்லுப்புப் போட்டேன். மீன் மேல வெள்ளைப் புள்ளி வந்தது."

"மீனுக்கு அது மருந்துதான். ஆனா உப்புத் தண்ணியில மின்சாரம் இன்னும் சுலபமா ஓடும்."

மீன் உயிரோடு நீந்துகிறது. அதனால் தண்ணீரில் மின்சாரம் இல்லை என்று நினைக்கக் கூடாது. இதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

எவ்வளவு மின்சாரம் ஆபத்து? மின்சாரத்தின் ஓட்டத்தை ஆம்பியர் என்ற அளவால் சொல்கிறார்கள். ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு 1 மில்லி ஆம்பியர். அது உடம்பில் ஓடினால் லேசாகச் சுருக்கென்று இருக்கும். 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் தசை இறுகும். பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 15 வாட் இரவு விளக்கு ஒன்று எரிவதற்கே சுமார் 65 மில்லி ஆம்பியர் வேண்டும். ஓர் இரவு விளக்குக்குப் போதுமான மின்சாரம் ஓர் உயிரை எடுக்கவும் போதும்.

3. 12 வோல்ட் ஷாக் அடிக்குமா?

தங்கராசு அண்ணன் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். ஏர் பம்ப் மேலே அலமாரியில் இருந்தது. அதிலிருந்து பிளாஸ்டிக் குழாய் மட்டும் தண்ணீருக்குள் போயிருந்தது. ஆனால் விளக்கின் வயர் தொங்கிப் போயிருந்தது. வயரை ஒட்டுப் போட்ட இடம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அது வெறும் 12 வோல்ட் விளக்கு அண்ணே. அடாப்டர் போட்டிருக்கு" என்றான் முருகன்.

"உன் வண்டி பேட்டரி எத்தனை வோல்ட்?"

"12."

"அதைக் கையால தொட்டிருக்கியா? ஷாக் அடிச்சதா?"

"தொட்டிருக்கேன். அடிக்கலை."

"அப்போ செல்வியை அடிச்சது 12 வோல்ட் இல்லை, தம்பி. சுவர்ல இருந்து வர்ற 230 வோல்ட்."

முருகன் வாயைத் திறக்கவில்லை. தங்கராசு அண்ணன் அடாப்டரைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"ஏரி இருக்கு. பக்கத்துல ஊர் இருக்கு. நடுவுல கரை இருக்கு. கரை நல்லா இருந்தா ஊருக்குப் பயம் இல்லை. கரை உடைஞ்சா ஏரி ஊருக்குள்ள வந்துடும். அடாப்டரும் அப்படித்தான். ஒரு பக்கம் 230 வோல்ட். மறு பக்கம் 12 வோல்ட். நடுவுல ஒரு கரை. மின்சாரம் தாண்ட முடியாத பொருளால அந்தக் கரையைக் கட்டணும். போதுமான இடைவெளியும் விடணும்."

அவர் அடாப்டரின் மூடியைப் பிரித்தார். அது அவருடைய தொழில். மற்றவர்கள் அடாப்டரைப் பிரிக்கக் கூடாது. அணைத்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

உள்ளே இரண்டு பக்கத்துச் செம்புக் கோடுகளும் ஒட்டி ஒட்டிப் போயின. நடுவில் இடைவெளியே இல்லை. ஓர் இடத்தில் கறுப்பாகக் கருகியிருந்தது.

"இதோ பார். கொட்டகையில ஈரக் காத்து. அது உள்ளே போயிருக்கு. இந்த இடத்துல மின்சாரம் தாண்டியிருக்கு. கரை உடைஞ்ச இடம் இதுதான்."

4. முத்திரை எங்கே?

தங்கராசு அண்ணன் அடாப்டரின் மூடியைச் செல்வியிடம் கொடுத்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு? படி பார்க்கலாம்."

செல்வி ஒரு வருடமாக எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறாள். பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படிப்பாள். ரேஷன் கார்டைப் படிப்பாள். ஆனால் அடாப்டரைப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு இதுவரை தோன்றவில்லை. எழுத்துகள் எறும்பு அளவில் இருந்தன. எல்லாம் ஆங்கிலம். கவிதா செல்போன் விளக்கை அடித்தாள்.

"எண் தெரியுது அண்ணே. 230. அப்புறம் 50. கீழே 12. அதுக்குப் பக்கத்துல 1."

"சரியாப் படிக்கிறே. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இது நம்ம நாட்டு வீட்டு மின்சாரம். இது உள்ளே போறது. 12 வோல்ட், 1 ஆம்பியர். இது வெளியே வர்றது. வேற என்ன இருக்கு?"

"சதுரத்துக்குள்ள ஒரு சதுரம்."

"ரெண்டு அடுக்குப் பாதுகாப்பு இருக்குன்னு அதுக்கு அர்த்தம். ஆனா போலிக்காரன் கூட அந்தப் படத்தை அச்சடிக்கலாம். வேற?"

"சி, ஈ ன்னு ரெண்டு ஆங்கில எழுத்து" என்றாள் கவிதா.

"அது ஐரோப்பாவுல விக்கிற பொருளுக்கானது. எங்க பொருள் உங்க விதிப்படி இருக்குன்னு தயாரிக்கிறவங்க போடுற குறி. நம்ம நாட்டு முத்திரை அது இல்லை. நம்ம முத்திரை எங்கே?"

மூவரும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முத்திரை இல்லை.

அந்த முத்திரை எது? தெரிந்துகொள்வோம்.

நம் நாட்டில் பொருள்களுக்குத் தரம் வகுக்க 1947-ல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் இந்தியத் தரநிலை நிறுவனம். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் ஐ.எஸ்.ஐ. அந்தப் பணியை 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் செய்கிறது. அதைச் சுருக்கமாக பி.ஐ.எஸ். என்கிறார்கள். ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை என்ற பெயர் மாறவில்லை.

மின் பொருள்களில் இரண்டு வகை முத்திரைகளைப் பார்க்கலாம்.

ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. வயர், பிளக், சுவிட்ச், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றில் இருக்கும். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அது தரத்தின் எண். வயருக்கு 694. பிளக்குக்கு 1293. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். எந்தத் தொழிற்சாலை செய்தது என்பதை அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு, பதிவு முத்திரை. இது மின்னணுப் பொருள்களுக்கானது. 2012-ல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. ஆணையில் சொன்ன மின்னணுப் பொருள்களைப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. அந்தப் பட்டியலில் பொருள்கள் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அடாப்டரும் பட்டியலில் உண்டு. எல்.இ.டி. விளக்கும் உண்டு. இந்த முத்திரையிலும் மேலே ஐ.எஸ். எண் இருக்கும். கீழே ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதை அடுத்து ஒரு சிறு கோடு. அப்புறம் எட்டு எண்கள்.

ஆங்கில ஆர் எழுத்தை அடையாளம் காண்பது சுலபம். ஒரு நேர்க்கோடு. அதன் மேல்பாதியில் ஒரு வளைவு. கீழ்ப்பாதியில் சாய்ந்த ஒரு கால்.

இந்தப் பதிவு எண் எப்படிக் கிடைக்கிறது? தயாரிப்பவர் தன் அடாப்டரைப் பி.ஐ.எஸ். ஏற்றுக்கொண்ட சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அடாப்டரின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே சுமார் 3000 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். கரை தாங்குகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. வெகு நேரம் ஓடவிட்டு எவ்வளவு சூடாகிறது என்று அளப்பார்கள். மனித விரல் போலச் செய்த ஓர் உலோக விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். மின்சாரம் ஓடும் பாகம் விரலுக்கு எட்டக் கூடாது. இவற்றில் எல்லாம் தேறினால்தான் எண் கிடைக்கும்.

கொளத்தூரில் வாங்கினாலும் சரி, கொல்கத்தாவின் காலிஃப் தெருச் சந்தையில் வாங்கினாலும் சரி, மும்பையில் வாங்கினாலும் சரி. முத்திரை ஒன்றுதான். சட்டமும் ஒன்றுதான்.

5. எண் சொன்ன உண்மை

மறுநாள் செல்வியும் கவிதாவும் கடைக்குப் போனார்கள்.

முதல் கடையில் ஓர் அடாப்டரை வாங்கிப் பார்த்தாள் செல்வி. முத்திரை இல்லை.

"இதுல முத்திரை இல்லையே" என்றாள்.

கடைக்காரர் சிரித்தார். "எல்லாம் ஒண்ணுதான்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார்.

செல்வி அடாப்டரைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவது கடையில் முத்திரை இருந்தது. ஆர் இருந்தது. கோடு இருந்தது. எட்டு எண்களும் இருந்தன. விலை நூறு ரூபாய். செல்விக்கு மகிழ்ச்சி. பணத்தை எடுத்தாள்.

"இருங்கம்மா" என்றாள் கவிதா. "மாமா எண்ணைச் சரி பார்க்கச் சொன்னாரே."

பி.ஐ.எஸ். கேர் என்று ஒரு செல்போன் செயலி இருக்கிறது. பி.ஐ.எஸ். அமைப்பே அதை 2020-ல் வெளியிட்டது. அதற்குப் பணம் கட்ட வேண்டாம். அதில் ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணையும் பார்க்கலாம். ஆர் பதிவு எண்ணையும் பார்க்கலாம். எண்ணைத் தட்டினால் தயாரிப்பவர் பெயர், முகவரி, பொருளின் பெயர் எல்லாம் வரும்.

செல்வி ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். கவிதா தட்டினாள். திரையில் வேறு ஒரு கம்பெனியின் பெயர் வந்தது. பொருள் என்ற இடத்தில் அடாப்டர் இல்லை. செல்போன் என்று இருந்தது.

"அம்மா, இந்த எண் யாரோ செல்போன் செய்யறவங்களோடது. அதை எடுத்து இதுல போட்டிருக்காங்க."

கடைக்காரர் செல்போனை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "எனக்கே இது தெரியாதும்மா. கொண்டு வந்து கொடுக்கிறாங்க, விக்கிறேன்" என்றார். அந்தப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார்.

மூன்றாவது கடையில் முத்திரை இருந்தது. எண்ணும் இருந்தது. செயலியில் வந்த கம்பெனிப் பெயரும் அடாப்டரில் இருந்த பெயரும் ஒன்றாக இருந்தன. பொருளும் அடாப்டர்தான். விலை நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.

"பில் போடுங்க" என்றாள் செல்வி.

அறுபது எங்கே? நூற்றுத் தொண்ணூறு எங்கே? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

6. மூன்று வீடுகள்

ராத்திரி சாப்பாடு முடிந்தது. செல்வி நோட்டை எடுத்தாள். கணக்கு எழுதினாள்.

வாங்கிய அடாப்டர் 10. வீட்டில் இருப்பது 7. விற்றது 3.

அந்த 3-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த மூணு செட்டையும் என்ன செய்யறது?"

"வித்தது வித்ததுதான். அவங்க யாரும் குறை சொல்லலையே" என்றான் முருகன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நாமளும் குறை சொல்லலை."

முருகன் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "மூணு அடாப்டர் மாத்தினா ஐந்நூத்தி எழுபது ரூபாய். இந்த மாசம் செட்டுல வந்த லாபமே அவ்வளவுதான் செல்வி. பழையதைக் கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான். பில்லும் இல்லை."

"மூணாவது செட்டை யார் வாங்கினாங்க?"

முருகன் தலையைக் குனிந்தான். மூன்றாவது செட்டை வாங்கியது அங்கன்வாடி. குழந்தைகள் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று டீச்சர் தன் கைப்பணத்தில் வாங்கினார்.

"காலையில முதல் வேலையா அங்கே போகலாம்" என்றான் முருகன்.

காலையில் இருவரும் போனார்கள். அங்கன்வாடியில் தொட்டி ஒரு தாழ்ந்த பெஞ்சில் இருந்தது. பக்கத்திலேயே குழந்தைகள் கை கழுவும் இடம். தரை ஈரமாக இருந்தது. கண்ணாடி முழுவதும் சின்னச் சின்ன விரல் தடங்கள்.

செல்வி முதலில் சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பிறகுதான் டீச்சருக்கு வணக்கம் சொன்னாள்.

நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். டீச்சருக்கு முதலில் கோபம் வந்தது. "குழந்தைங்க இருக்கிற இடம்னு தெரிஞ்சுதானே கொடுத்தீங்க?" என்று கேட்டார். முருகனால் பதில் சொல்ல முடியவில்லை. புது அடாப்டரை மாட்டினான். வயர் தொங்காமல் கட்டினான். தொட்டியை உயரமான மேஜைக்கு மாற்றினான். செல்வி புது அடாப்டரின் எண்ணை டீச்சரிடம் காட்டினாள். எப்படிச் சரி பார்ப்பது என்றும் சொன்னாள்.

இரண்டாவது வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தார். "தேடி வந்து சொன்னீங்களே, அதுவே போதும்" என்றார். அடாப்டரை மாற்றிக்கொண்டார்.

மூன்றாவது வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களுக்குச் செட்டே வேண்டாம். பணத்தைக் கொடுங்க" என்றார்கள். முருகன் பணத்தை எண்ணிக் கொடுத்தான். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அந்த மாதம் செட்டில் லாபம் இல்லை. கைப்பணமும் கொஞ்சம் போனது. பழைய அடாப்டர்கள் பத்தையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி முருகன் வயரை வெட்டிப் போட்டான். கருகியதை மட்டும் செல்வி வாங்கி வைத்துக்கொண்டாள். அது இப்போதும் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது.

செட் வியாபாரத்தை அவர்கள் விடவில்லை. விலையைக் கொஞ்சம் கூட்டினார்கள். ஏன் விலை அதிகம் என்று கேட்பவர்களுக்குச் செல்வி அந்த ஆணியைக் காட்டுகிறாள்.

7. செல்வி வீட்டுச் சுவரில்

தங்கராசு அண்ணன் சொல்லச் சொல்லச் செல்வி ஓர் அட்டையில் எழுதினாள். கொட்டகைச் சுவரில் மாட்டினாள். அதில் எழுதியிருப்பது இதுதான்.

சுவிட்சை அணை. பிளக்கைப் பிடுங்கு. பிறகு தொட்டியில் கை வை.

பிளக் பாயிண்ட் தொட்டிக்கு மேலே நேராக இருக்கக் கூடாது. கீழே நேராகவும் இருக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும்.

வயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பிளக்குக்குள் போகாது.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வை. கீழே இருந்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பிப் பம்ப்புக்குள் வந்துவிடும். மேலே வைக்க இடம் இல்லை என்றால் குழாயில் செக் வால்வு மாட்டு. அது காற்றை ஒரு பக்கமாக மட்டுமே விடும்.

ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட்டுத் தண்ணீரிலிருந்து எடு. சூட்டோடு எடுத்தால் கண்ணாடிக் குழல் வெடிக்கும். விரிசல் விட்ட ஹீட்டரைத் திரும்பப் போடாதே.

தண்ணீருக்குள் வைக்கும் கருவியில் ஐ.பி. என்ற எழுத்தையும் எண்ணையும் பார். கடைசி எண் 8 என்றால் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கலாம். எவ்வளவு ஆழம் என்பதையும் பார். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டுமே தாங்கும்.

அடாப்டரில் சின்ன வீடு படம் இருந்தால் அது வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டியது. நனையக் கூடாது.

மூன்று கால் பிளக்கின் பெரிய கால் எர்த்துக்கானது. அதை உடைத்துவிட்டுச் சொருகாதே.

வயரை ஒட்டுப் போட்டுத் தண்ணீர் அருகே விடாதே.

இவ்வளவும் எழுதிய பிறகு தங்கராசு அண்ணன் இன்னொரு வேலையும் செய்தார். மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்ற கருவியைப் பொருத்தினார். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போனாலும் கணக்குக் குறையும். உடனே அது கரண்டை நிறுத்திவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதை வாங்க வேண்டும். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். கரண்ட் நின்றால் கருவி நன்றாக இருக்கிறது.

"இது இருக்கே. இனிமே மலிவு அடாப்டர் வாங்கலாமா அண்ணே?" என்று முருகன் கேட்டான்.

"வீட்டுக்கு நாய் வளர்க்கிறோம். அதுக்காகக் கதவைத் திறந்து போட்டுட்டா தூங்குவே?" என்றார் அவர்.

8. ஷாக் அடித்தால் என்ன செய்வது?

ஷாக் அடித்தவரை உடனே தொடாதீர்கள். தொட்டால் உங்களுக்கும் அடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால் உலர்ந்த பலகை மேல் நின்றுகொள்ளுங்கள். உலர்ந்த மரக் கட்டையால் அவரை மின்சாரத்திலிருந்து விலக்குங்கள். ஈரக் கட்டையும் இரும்புக் கம்பியும் உதவாது.

உடனே 108 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லை என்றால் பயிற்சி பெற்றவர் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போலி முத்திரை என்று தெரிந்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருந்தால் கேட்பது சுலபம். அதனால் பில் கேட்டு வாங்குங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. தொட்டியில் மீன் உயிரோடு இருந்தது. செல்விக்கு மட்டும் ஏன் ஷாக் அடித்தது?
2. அடாப்டருக்குள் இருக்கும் "கரை" எது?
3. இரண்டாவது கடையில் முத்திரை இருந்தும் செல்வி ஏன் வாங்கவில்லை?
4. ஏர் பம்ப்பை ஏன் மேலே வைக்க வேண்டும்?
5. நீங்கள் முருகனாக இருந்தால் அந்த மூன்று வீடுகளுக்கும் போவீர்களா? உங்கள் குழுவில் பேசுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ஒரு செல்போன் சார்ஜர் அல்லது அடாப்டர் இருக்கும். பிளக்கிலிருந்து அதைக் கழற்றுங்கள். வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். உள்ளே போகும் வோல்ட் எவ்வளவு? வெளியே வரும் வோல்ட் எவ்வளவு? ஆர் எழுத்தும் எட்டு எண்களும் இருக்கின்றனவா? நோட்டில் எழுதுங்கள். வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து எண்களைச் சரி பாருங்கள்.